மாமனாரின் காது, ஏழாம் பதிப்பு

ஒரு பொருளை வாங்கினோமா, உழைக்கிற வரைக்கும் வைத்துக்கொண்டோமா, போனால் தூக்கிப்போட்டோமா என்று இருக்கிற மனிதர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. இது அபிப்பிராயம் உள்ள ஒருவருடைய கதை.

சரக்குப் போக்குவரத்து ஆபீஸ் ஒன்றில் அவர் சீனியர் கிளார்க். ஆபீசில் அவருக்கு ‘ஸ்டார்’ என்று பெயர். ஆளைப் பார்த்து வைத்த பெயர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எதைக் கையில் எடுத்தாலும் ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று சொல்லாமல் கீழே வைக்க மாட்டார், அதனால் வந்த பெயர். கீபோர்டு என்றால் அழுத்துகிற விரலுக்கு ஒரு பதில் வர வேண்டும் என்பார். ஆபீஸ் கீபோர்டு களிமண்ணில் குத்துகிற மாதிரி இருக்கிறதாம், இரண்டு ஸ்டார். சார்ஜர் ஒயரைத் தடவிப் பார்த்தே ஆயுசு சொல்வார். எட்டு ஜிபி ராமில் காலம் தள்ளுகிற ஆட்களைப் பார்த்தால், இவனுக்கெல்லாம் யார் பெண் கொடுத்தது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். புது சாஃப்ட்வேர் எது வந்தாலும் ஊரில் முதல் ஆளாகப் போட்டுப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

வீட்டிலும் அப்படித்தான். கெட்டிலைப் படுக்கையில் இருந்தபடியே போனில் போடலாம். “தண்ணி யாரு ஊத்துவா?” என்று மனைவி ஒரு நாள் கேட்டாள். அதற்கு இன்னும் அப்டேட் வரவில்லை.

இந்த வீட்டில்தான் அவருடைய மாமனாரும் இருந்தார். கிழவருக்கு இரண்டு காதும் மந்தம், மிஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஒன்பது வருஷமாக ஒரு கறுப்புக் காது மிஷின் வைத்திருந்தார். அதில் ஒரே ஒரு திருகு. இந்தப் பக்கம் திருகினால் சத்தம் கூடும், அந்தப் பக்கம் திருகினால் குறையும். மக்கர் பண்ணினால் மேஜையில் இரண்டு தட்டு தட்டுவார், சரியாகிவிடும். ஸ்டாருக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். “மாமா, இது அரை ஸ்டார்கூடத் தேறாது” என்று ஒரு வருஷம் கரைத்தார். கிழவர், “எனக்குக் கேக்குதே மாப்பிள்ளை” என்று சொல்லிப் பார்த்தார். கேட்கிறது என்பதெல்லாம் ஒரு காரணமா? கடைசியில் பழைய மிஷினைக் கம்பெனிக்கே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, உளுந்து சைஸில் ஒரு புது மிஷின் வாங்கிப் பொருத்தியாயிற்று. அதற்குத் திருகு கிடையாது. எல்லாம் போனில். மழைக்கு ஒரு செட்டிங், கூட்டத்துக்கு ஒரு செட்டிங், ‘நெருங்கிய உறவினர்’ என்று தனியாக ஒரு செட்டிங்.

சும்மா சொல்லக் கூடாது, எட்டு மாசம் நன்றாகவே கேட்டது. ஸ்டார் கம்பெனியின் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதினார், அச்சடித்தால் நாலு பக்கம் வரும். கம்பெனி அவருக்குத் ‘தங்க ரசிகர்’ என்று பட்டம் கொடுத்தது. அதை அவர் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது.

புதன்கிழமை சாயங்காலம் மனைவியின் போன் அடித்தது. பேசியது அவளுடைய பெரியப்பா, கிழவரின் அண்ணன். பேசி முடித்த பிறகும் அவள் போனை இறக்காமல் நின்றாள்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினொரு வருஷம். அவர்களுடைய அம்மா கடைசியில் படுத்தபோது எந்த ஆஸ்பத்திரி என்பதில் தகராறு. தம்பி சொன்ன இடத்தில் சேர்த்தார்கள், அம்மா பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அண்ணன், “உன்னாலதான்டா” என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் இவர் முகத்தில் அவர் விழிக்கவில்லை. அந்த வார்த்தை மட்டும் இவரை விடவில்லை. காது மந்தமான மனுஷன்தான், ஆனால் அது மட்டும் எந்த மிஷினும் இல்லாமல் நாளுக்கு நாலு தடவை கேட்டது.

“ஞாயித்துக்கிழமை வராராம்” என்றாள் மனைவி. “‘அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும், சொல்லாம நான் சாகக் கூடாது’ன்னார்.”

கிழவர் அன்றைக்கு இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. அலமாரியைத் திறந்து ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சட்டை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் வேறு எந்த மருமகனாக இருந்தாலும் வாயையும் கையையும் பொத்திக்கொண்டு இருந்திருப்பான். ஸ்டாருக்கு அது வராதே. அவ்வளவு முக்கியமான பேச்சை மாமா ஆறாம் பதிப்பில் கேட்பதா? காது மிஷினுக்கு ஏழாம் பதிப்பு சாஃப்ட்வேர் தயாராகி, தங்க ரசிகர்களுக்கு மட்டும் முன்கூட்டியே பார்க்கக் கொடுத்திருந்தார்கள். ‘சொல்லாததும் கேட்கும்’ என்பது விளம்பரம். வியாழக்கிழமை காலையில் கிழவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மிஷினை எடுத்து அப்டேட் போட்டார். போனில் பலூன் எல்லாம் பறந்தது. மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

கிழவர் வந்து காதில் மாட்டினார். “மாமா, எப்படி இருக்கு?” என்றார் ஸ்டார். கிழவர் விபூதி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். “மாமா.” பதில் இல்லை. தோளைத் தொட்டதும் திரும்பி, “ஏன் மாப்பிள்ளை வாயை மட்டும் அசைக்கிறீங்க?” என்றார்.

ஸ்டார் மிஷினை வாங்கினார். அணைத்துப் போட்டார், போட்டு அணைத்தார். பழைய பதிப்புக்குத் திரும்புகிற வழியைத் தேடினார், அப்படி ஒரு வழியே வைத்திருக்கவில்லை. மனைவிக்குத் தெரியாமல் மேஜையில் இரண்டு தட்டுகூடத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் போனில் கொட்டை எழுத்தில், ‘மிஷினில் சின்னக் கோளாறு மாமா, ஞாயிறுக்குள் சரி செய்துவிடுவேன்’ என்று எழுதிக் காட்டினார். கிழவர் கண்ணாடியைத் தேடி மாட்டி, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “நீங்க இருக்கறப்ப எனக்கென்ன” என்றார். அன்றையிலிருந்து வீட்டில் அவரிடம் எது சொல்வதானாலும் இப்படித்தான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனியின் இடத்துக்குப் போனார். வாசலில் ‘பயனர் மகிழ்ச்சி மையம்’ என்று போர்டு. உள்ளே குளிர், வெள்ளைச் சுவர், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத நாற்காலிகள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ‘மகிழ்ச்சி உதவியாளர்’ என்று அட்டை தொங்கியது.

“காது மிஷின் ரிப்பேர்ம்மா” என்றார் ஸ்டார்.

“அந்த வார்த்தையை இங்க சொல்லக் கூடாது சார்” என்றாள் அவள், ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி குரலைத் தணித்து. “மத்த பயனர்கள் காதுல விழும். ‘எதிர்பார்ப்பு இடைவெளி’ன்னு போட்டுக்கறேன். இடைவெளி சின்னதா, நடுத்தரமா?”

“ஒண்ணுமே கேக்கலைம்மா.”

“அப்ப நடுத்தரம்” என்று தட்டிக்கொண்டாள். அதற்கு மேல் பெரியது எதுவும் பட்டியலில் இல்லை.

மிஷினை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி இரண்டு நிமிஷம் முனகிவிட்டு ஒரு சான்றிதழைத் துப்பியது. ஆரோக்கியம் நூற்றுக்கு நூறு. அவளே எழுந்து நின்று கைகுலுக்கினாள்.

“வாழ்த்துக்கள் சார். பச்சை விளக்கு அருமையா எரியுது.”

“விளக்கு எரியுதும்மா. சத்தம் வரலையே.”

“நாங்க விளக்கு மட்டும்தான் சார் பார்க்கறோம். சத்தம்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும். அதை நாங்க எப்படிச் சொல்றது? பயனர்தான் சொல்லணும்.”

“அதான் நான் சொல்றேனே.”

“நீங்க பயனர் இல்லையே சார். உங்க மாமனார் நம்பருக்கு இன்னைக்கு சாயங்காலம் ஒரு கால் வரும். உங்களுக்குக் காது கேக்கலையான்னு கேப்பாங்க. கேக்கலைன்னா ஒண்ணை அழுத்தணும். அவர் அழுத்தினாதான் உங்க இடைவெளியைத் திறக்கவே முடியும்.”

“அவருக்குத்தான் காது கேக்காதே. போன்ல கேக்கற கேள்வி எப்படிம்மா கேக்கும்?”

“அதைத்தான் சார் அவர் உறுதிப்படுத்தணும்” என்றாள் அந்தப் பெண் பொறுமையாக. பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அட்டையில் இருப்பது மகிழ்ச்சி, கையில் கொடுத்திருப்பது ஒரு பட்டியல்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் குறுக்கு வழி தெரியாதவரா ஸ்டார்? சாயங்காலம் மாமனாரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘நான் கை காட்டியதும் ஒன்றை அழுத்துங்கள்’ என்று எழுதிக் காட்டினார். கிழவர் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி விரலைத் தயாராக வைத்துக்கொண்டார். கால் வந்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் தேனாக வழிந்தது. “அன்புள்ள பயனரே, உங்களுக்குக் காது கேட்கவில்லை என்றால் ஒன்றை அழுத்தவும்.” ஸ்டார் கை காட்டினார். கிழவர் பளிச்சென்று அழுத்தினார்.

“நன்றி” என்றது குரல். “எங்கள் கேள்வியைத் தெளிவாகக் கேட்டுச் சரியாகப் பதில் சொன்னீர்கள். உங்கள் கருவி சிறப்பாக வேலை செய்கிறது என்று பதிவு செய்துகொண்டோம்.”

கிழவர் மருமகனின் முகத்தைப் பார்த்து, “சரியா அழுத்தினேனா மாப்பிள்ளை?” என்றார். ஸ்டார் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வார்?

மையத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சியதில், போனால் போகிறதென்று இன்னொரு கால் ஏற்பாடு செய்தார்கள். இந்தத் தடவை உஷாராக எதையும் அழுத்தாமல் விட்டார். குரல் மூன்று தடவை கேட்டது, காத்திருந்தது, வைத்துவிட்டது. பத்தாவது நிமிஷம் மெசேஜ் வந்தது: ‘பயனர் எந்தக் குறையும் சொல்லவில்லை.’

வேறு கடைகளையும் விசாரிக்காமல் இல்லை. புதிதாக ஒரு காது மிஷின் வேண்டுமென்றால் முதலில் காதைச் சோதித்து அளவெடுக்க வேண்டும், அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் நேரம் தருவார்கள். போன எட்டு மாசத்தில் அந்த ஏரியாவில் கறுப்புத் திருகு மிஷினை விற்கிற கடையே இல்லாமல் போயிருந்தது. எல்லாரும் ஸ்டாரின் விமர்சனத்தைப் படித்திருந்தார்களோ என்னவோ.

சனிக்கிழமை காலை மையம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். தங்க ரசிகர் என்பதால் ‘தலைமை மகிழ்ச்சி அதிகாரி’யே பார்ப்பதாகச் சொன்னார்கள். இரண்டரை மணி நேரம் கழித்துப் பார்த்தார். அகலமான மேஜை, அதில் ஒரு காகிதம்கூட இல்லை.

ஸ்டார் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் வருவதைச் சொன்னார். பதினொரு வருஷத்தைச் சொன்னார். “சார், நாளைக்கு ஒரு நாள் அவருக்குக் கேட்டாப் போதும். பழைய பதிப்பைத் திருப்பிப் போட்டுக் கொடுங்க, உங்க காலைக்கூடப் பிடிக்கறேன்” என்றார். ப்ராசஸரைப் பற்றியே பேசிப் பழகிய நாக்கு அது.

அதிகாரி சாய்ந்து உட்கார்ந்தார். “பழைய பதிப்புக்குப் போறதுங்கறது நம்ம கம்பெனியில கிடையாது. முன்னேறிட்டோம், இனி எப்படித் திரும்பறது? நீங்க விவரம் தெரிஞ்சவர், உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன். நம்ம கம்பெனி டிவி பண்ணுது, போன் பண்ணுது, ஃபிரிட்ஜ் பண்ணுது. எல்லாப் பிரிவுக்கும் நாங்களே கால் பண்ணிக் குறை கேக்கறோம். டிவி வாங்கினவன் கிழிச்சு எடுத்துடறான். ஃபிரிட்ஜ் வாங்கினவன் அம்மா அப்பாவை இழுக்கறான். காது மிஷின் பிரிவுல மட்டும் இதுவரைக்கும் ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, போன்ல குறை சொன்னதில்லை. குறையே வராத பிரிவுக்குக் கொடுக்கற கோப்பை தொடர்ந்து மூணு வருஷமா எங்களுக்குத்தான். அந்தக் கோப்பையை நீங்க உடைக்கச் சொல்றீங்க.”

“அவங்களுக்குக் கேக்கலை சார், அதான் சொல்லலை.”

“இருக்கலாம். ஆனா அப்படின்னு அவங்க யாரும் சொல்லலையே” என்றார் அதிகாரி. பிறகு கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். “இது யார் எழுதினதுன்னு பாருங்க. ‘பக்கத்து அறையில் ஊசி விழுந்தால், அது தையல் ஊசியா குண்டூசியா என்று என் மாமனார் சொல்லிவிடுகிறார். ஐந்து ஸ்டார். ஆறு இருந்தால் ஆறு.’”

ஸ்டார் குனிந்துகொண்டார். அதை எழுதிய ராத்திரி, இரண்டு தடவை வாசித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. மாமனார் எந்த ஊசியைப் பற்றியும் எப்போதும் பேசியதில்லை.

“இதைப் படிச்சுட்டு வாங்கினவங்க முந்நூத்துப் பன்னிரண்டு பேர்” என்றார் அதிகாரி.

கேவலம் என்னவென்றால், அந்த எண்ணைக் கேட்டதும் ஸ்டாருக்கு ஒரு நொடி உள்ளுக்குள் குளிர்ந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டா என்று நினைத்தார். அடுத்த நொடி, ஏழாம் பதிப்பு போய்ச் சேர்ந்ததும் அத்தனை வீட்டிலும் யார் எழுதிக் காட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தார். அதிகாரியின் இடது காதில், முடிக்குப் பின்னால், கறுப்பாக ஒன்று இருந்தது. அவர் பேச்சை முடித்துவிட்டு, எதிராளி பேசப்போகிறான் என்று தெரிந்து, விரலை வைத்து அதில் ஒரு திருகைத் திருகினார். சத்தத்தைக் குறைத்தாரா கூட்டினாரா என்று தெரியவில்லை.

“சார், இது பழைய மாடல்.”

“ஆமா, எக்ஸ்சேஞ்சுல நிறைய வரும். எனக்கு இதே பழகிடுச்சு.”

“இதை நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கடனாக் கொடுங்க சார். சாயங்காலமே கொண்டாந்து தர்றேன்.”

அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். நிஜமாகவே பயந்துவிட்டார். “என்ன சார் நீங்க, அப்புறம் எனக்கு எப்படிக் கேக்கும்?”

போகும்போது கவுன்ட்டர் பெண் ஒரு பேனா அன்பளிப்பாகக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், தானே அப்டேட் போட்டதையும் சேர்த்து. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. “நல்லா இருந்ததை ஏங்க தொட்டீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவருக்கு இதற்கு மட்டும் அபிப்பிராயம் இல்லாமல் போயிற்று.

அண்ணன்காரப் பெரியவர் வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று மாமனாருக்கு எழுதிக் காட்டினார். கிழவர் படித்துவிட்டு வேகமாகத் தலையாட்டி மறுத்தார். “கூடாது மாப்பிள்ளை. காது கேக்கலைன்னு சொன்னா, சரியானதும் வரேன்னு எழுந்து போயிடுவார். இந்தத் தடவை வர்றதுக்கே பதினொரு வருஷம் ஆச்சு. நான் வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்கறேன். அண்ணன் வாய் எனக்குத் தெரியாதா?”

ஸ்டார் வேறு ஏற்பாடு செய்தார். பேசுவதை அப்படியே எழுத்தாக்குகிற ஒரு சாஃப்ட்வேரைத் தன் போனில் போட்டு, அண்ணனும் தம்பியும் உட்காரப்போகிற, ஹாலை ஒட்டிய அறையில் மேஜை மேல் பூச்சாடிக்குப் பின்னால் வைத்தார். நாலரை ஸ்டார் வாங்கிய சாஃப்ட்வேர்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். குச்சி மாதிரி இளைத்திருந்தார். கிழவர் இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை. அறைக்குள் போனதும் பெரியவர் பூச்சாடிக்குப் பின்னால் வெளிச்சம் தெரிவதை எட்டிப் பார்த்து, போனை எடுத்து, ஸ்டாரின் கையில் கொடுத்தார். “இந்தச் சனியன் இல்லாம ரெண்டு வார்த்தை பேசணும், மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஸ்டார் கதவுக்கு வெளியே நின்றார். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பெரியவருக்குச் சின்னக் குரல், அதுவும் வயசாகித் தேய்ந்துவிட்டது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். முக்கால் மணி நேரம்.

கதவு திறந்தது. பெரியவர் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார். முகம் லேசாகியிருந்தது.

“உக்காருங்க பெரியப்பா, காப்பி போடறேன்” என்றாள் மனைவி.

“வேணாம்மா. வண்டி நிக்குது.” பிறகு ஸ்டாரைப் பார்த்துச் சொன்னார். “சின்ன வயசிலேர்ந்து அவன் என்னை ஒரு வாக்கியம் முழுசாப் பேச விட்டதில்லை. இன்னைக்குத்தான் குறுக்கே ஒரு வார்த்தை பேசாம கேட்டான். அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஜன்னல் பக்கம் பார்த்துத்தான் சொன்னேன். இருந்தாலும் கேட்டான். எனக்கு இது போதும்.”

“பெரிய மாமா, ஒரு நிமிஷம்” என்றார் ஸ்டார்.

“இனிமே இதைப் பத்தி யாரும் எங்கிட்டப் பேச்செடுக்க வேண்டாம். ஒரு தடவைதான் சொல்ல முடியும், சொல்லிட்டேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஸ்டார் அறைக்குள் போனார். கிழவர் அதே நாற்காலியில், கையைத் தொடையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். காதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அண்ணன் அழுதார் மாப்பிள்ளை” என்றார். “ஜன்னல் பக்கமே திரும்பிட்டார், வாயைப் பார்க்க முடியலை. நடுவுல நிறுத்தினா போயிடுவாரோன்னு சும்மா இருந்துட்டேன். என்ன சொன்னார்?”

ஸ்டாரின் கையில் இருந்த போன் அதிர்ந்தது. மையத்திலிருந்து மெசேஜ். பயனரின் மௌனத்தைத் திருப்தியாக எடுத்துக்கொண்டு இடைவெளியை மூடிவிட்டார்களாம். கீழே ஐந்து காலி ஸ்டார்கள், ஒன்றைத் தொடச் சொல்லி மின்னிக்கொண்டிருந்தன.

மருமகன் போனைப் பார்க்கிறார் என்பதைக் கிழவர் கவனித்தார். எழுதப்போகிறார் என்று நினைத்துக்கொண்டார். சட்டைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்து, துண்டால் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக் காத்திருந்தார்.